மலைக்குப் போகலாமா, சாமி?



பிப்ரவரித் திங்களில் ஒரு ஞாயிறன்று இரண்டாம் பூசை நிறைவுற்று நாம் திருவுடைகளைக் களைந்துகொண்டிருந்த வேளையில், நமது பங்கின் இளைஞர் மன்றத்தார் அறுவர் வாயிற்படியில் வந்து நின்றனர். அவர்கள் நின்ற பாங்கிலிருந்தே ஏதோ வேண்டுகோள் வரப்போகிறது என்று உணர்ந்தோம். திருவிழாவுக்குக் கூடுதலாக ஒலிபெருக்கி கேட்க வரும்போதும் அவர்கள் அப்படித்தான் நிற்பது வழக்கம். இம்முறை கேட்டது வேறு. தேர்வுகள் நெருங்குமுன், மார்ச் மாதத்தில், இருபது பேராக மலைக்காட்டிற்குச் சென்று, கூடாரம் அடித்து, இரண்டு இரவுகள் தங்கி வர வேண்டுமாம். சோறாக்கும் பாத்திரங்கள் மன்றத்திலேயே உள்ளன. கூடாரங்களை வாடகைக்குப் பேசியாயிற்று. பங்குக் குருவின் ஆசீர் ஒன்றே குறை.

“வனத்துறையின் அனுமதி?” என்று வினவினோம்.

“அதெல்லாம் வேண்டியதில்லை ஃபாதர். அடிவாரத்திலே தெரிந்த ஆள் ஒருவர் இருக்கிறார். செக்போஸ்ட் பக்கமே போகாமல் மேலே கூட்டிக்கொண்டு போய்விடுவார்.”

ஆசீர் கிடைக்கவில்லை. முகங்கள் வாடின. அதைக் கண்டு நமக்கும் வருத்தமே.

மறுநாள் மாலை செபமாலை முடிந்தபின் ஒரு தாய் நம்மைத் தேடி வந்தார். அந்த இருபது பேரில் அவருடைய மகளும் ஒருத்தி. தமது செபப் புத்தகத்திலிருந்து பழுத்துப்போன செய்தித்தாள் துண்டு ஒன்றை எடுத்து நம் கையில் கொடுத்தார். 2018 மார்ச் மாதத்துச் செய்தி. “நீங்க வேண்டாமென்று சொன்னது நல்லதாப் போச்சு சாமி. இனி எந்தக் காலத்திலேயும் காட்டுக்குப் போக வேண்டாமென்று பூசையிலேயே சொல்லிவிடுங்க” என்றார். அதற்கும் நம்மால் ‘ஆகட்டும்’ என்று சொல்ல இயலவில்லை. இவ்விரு வேண்டுகோள்களுக்கும் இடையே நின்றுகொண்டுதான் இம்மாதப் பக்கத்தை எழுதுகிறோம்.

அத்தாய் காத்து வைத்திருந்த செய்தி எதைப்பற்றியது என்பதை உங்களில் பலர் ஊகித்திருப்பீர்கள். தேனி மாவட்டத்தில் போடிநாயக்கனூரை அடுத்துள்ள மலையடிவாரச் சிற்றூர் குரங்கணி. அங்கிருந்து கொழுக்குமலைத் தேயிலைத் தோட்டத்திற்கும் டாப் ஸ்டேஷனுக்கும் ஏறிச்செல்லும் தடங்கள் உண்டு. 2018 மார்ச் 10, சனிக்கிழமையன்று சென்னையிலிருந்து ஒரு குழுவினரும், ஈரோடு, திருப்பூர்ப் பகுதிகளிலிருந்து மற்றொரு குழுவினரும் மலையேறினர். பெரும்பாலோர் இளம் வயதினர், பெண்கள் மிகுதி. இரவு மேலே தங்கி, மறுநாள் ஞாயிறன்று இறங்கி வருகையில் சரிவிலே காட்டுத்தீ அவர்களை வளைத்துக்கொண்டது. சிலர் அவ்விடத்திலேயே மாண்டனர். மற்றும் பலர் தீக்காயங்களோடு மருத்துவமனைகளில் நாட்கணக்காகப் போராடி ஒருவர்பின் ஒருவராகக் கண்மூடினர். ஆக மொத்தம் 23 உயிர்கள். அவர்களுள் மணமாகிச் சில மாதங்களே ஆன தம்பதியரும் இருந்தனர். அவர்கள் நடந்த தடத்திற்கு முறையான அனுமதி இருந்ததா என்பது பின்னர் விசாரணைக்கு உரியதாயிற்று. ஹெலிகாப்டர்கள் வருமுன்னரே, குரங்கணி ஊராரும் தோட்டத் தொழிலாளரும் இருட்டிலே மலையேறி, காயமுற்றோரைத் துணியில் கிடத்திக் கம்பில் கட்டித் தோளில் சுமந்து இறக்கினர் என்பதையும் சேர்த்துச் சொல்லாவிடில் அச்செய்தி முழுமை பெறாது.

தீ எப்படி மனிதரை முந்துகிறது என்று நம் பிள்ளைகள் கேட்டனர். சமவெளியில் வளர்ந்தவர்களுக்கு இது விளங்குவது கடினம். மழைக்காலத்தில் மலைச்சரிவுகளில் புல் ஆளுயரம் வளர்கிறது. மார்கழி, தை மாதங்களின் பனியிலும் வறண்ட காற்றிலும் அது காய்ந்து, மாசியில் காகிதம்போல் ஆகிவிடுகிறது. பீடித்துண்டு ஒன்று போதும். புதுப்புல் முளைக்கட்டும் என்று எவரோ வைக்கும் தீ போதும். சமதரையில் தீயின் நாக்கு மேல்நோக்கி எழுந்து வீணாகிறது. சரிவிலோ, அதே நாக்கு மேலேயுள்ள புல்லைத் தீண்டுமுன்பே உலர்த்திச் சூடேற்றிவிடுகிறது. ஆகவே சரிவு ஏற ஏறத் தீயின் வேகம் பெருகுகிறது. பத்துப் பாகை சரிவு கூடினால் வேகம் ஏறத்தாழ இரட்டிக்கும் என்பது காட்டுத்தீயை ஆய்ந்தோர் கண்ட கணக்கு. மனிதனுக்கோ மேட்டில் ஓட ஓட மூச்சு வாங்குகிறது. தீ கீழிருந்து வருகையில் மேல்நோக்கி ஓடுவது ஆபத்து. பக்கவாட்டில் விலகி, வெறும் பாறையையோ ஏற்கெனவே எரிந்து கருகிய நிலத்தையோ அடைவதே உயிர்தப்பும் வழி. அந்தப் பாறை எங்கே இருக்கிறது என்பது அம்மலையிலே பிறந்தவனுக்குத் தெரியும். ‘தெரிந்த ஆள்’ என்று கைப்பேசி எண் ஒன்றை வைத்துக்கொண்டு செல்பவர்களுக்குத் தெரியாது.

இளைஞர்களை நாம் கடிந்துகொண்ட கையோடு, நமது கதை ஒன்றையும் அவர்களிடம் சொல்ல வேண்டியதாயிற்று. குருமடத்தில் பயின்ற காலத்தில் ஒரு மே மாத விடுமுறைக்கு எங்களை மலைக்கு அழைத்துச் சென்றிருந்தனர். ஒரு நாள் பத்துப் பன்னிரண்டு பேர் தடத்தை விட்டு விலகிச் சென்று, ஒரு சோலையின் ஓரத்தில் மூன்று கற்களைக் கூட்டி அடுப்பு மூட்டிச் சோறாக்கினோம். யாரையும் கேட்கவில்லை, கேட்க வேண்டும் என்ற நினைவே எழவில்லை. உண்டு முடித்து, பாத்திரம் கழுவிய நீரைச் சாம்பலின்மேல் ஊற்றிவிட்டுக் கீதம் பாடியவாறு புறப்பட்டோம். அரை மைல் வந்திருப்போம். பின்னாலிருந்து ஒரு குரல். கையில் வெட்டரிவாளோடு வயதான மலைவாசி ஒருவர் விரைந்து வந்து, எங்களைத் திரும்பி வருமாறு அழைத்தார். அவர் திட்டவில்லை. அடுப்பிருந்த இடத்திற்கு அழைத்துச் சென்று, “சாமி, சாம்பலுக்குள்ளே கையை விட்டுப் பாருங்க” என்றார். எவரும் விடத் துணியவில்லை. அவர் ஒரு குச்சியால் கிளறினார். ஈரச் சாம்பலின் கீழே கங்கு செக்கச் சிவந்து கிடந்தது. பிறகு அவரே மண்ணை வெறுங்கையால் அள்ளிப் போட்டுப் பிசைந்து, மீண்டும் அள்ளிப் போட்டு, இறுதியில் உள்ளங்கையை அதன்மேல் வைத்துப் பார்த்துவிட்டு எழுந்தார். அன்று மாலை காற்று பலமாக வீசிற்று. குரங்கணிச் செய்தியைப் படித்த இரவு, முப்பது ஆண்டுகளுக்கு முந்திய அந்தக் கங்குதான் நம் கண்முன் நின்றது.

ஆகவே அத்தாயின் அச்சம் வெறும் அச்சமன்று. ஆயினும், காடே வேண்டாம் என்பதை நாம் ஏற்க இயலாமைக்குக் காரணம் உண்டு. நம் ஆண்டவர் வைகறை இருளிலே எழுந்து தனித்த இடத்தையும் மலையையும் நாடிச் சென்றவர். திருச்சபையின் தலைமைப் பீடத்திலேயே மலையேறிகள் அமர்ந்திருந்தனர். 1922-இல் திருத்தந்தையாகித் பதினோராம் பத்திநாதர் எனப் பெயர் பூண்டவர், அக்கீல் ராத்தி என்னும் இளங்குருவாக இருந்தபோது, 1889-இல் மோந்தே ரோசா மலையின் கிழக்கு முகத்தின் வழியாக ஏறியவர். இருட்டிவிட்டதும் உச்சிக்கருகே ஒரு குறுகிய பாறை விளிம்பில், உறைகுளிரில், கால்மாற்றவும் இடமின்றித் தோழரோடு இரவைக் கழித்தார். இருளில் இறங்கத் துணியவில்லை, விடியும்வரை பொறுத்திருந்தார். மலையேற்றம் தலைதெறித்த துணிச்சலன்று, முன்மதியே அதற்கு முதல் தேவை என்ற கருத்தைப் பின்னர் எழுதியும் வைத்தார். 2025 செப்டம்பர் 7-ஆம் நாள் புனிதராக உயர்த்தப்பெற்ற பியர் ஜியார்ஜியோ பிரசாத்தி, தூரின் நகரத்து ஏழைகளின் இல்லங்களுக்கும் ஆல்ப்ஸ் மலைச் சிகரங்களுக்கும் ஒரே உற்சாகத்தோடு ஏறி இறங்கியவர். 24 வயதிலே மறைந்தவர். நம் மறைமாவட்டங்களின் பழைய குருக்களும் மலைக்கு அந்நியரல்லர். 1866-இல் கோடைக்கானலில் சலேத் மாதா ஆலயத்தை எழுப்பிய சேசு சபைக் குரு சேன்-சீர் அடிகளாரின் காலத்தில், மேலே செல்ல மோட்டார்ச் சாலை ஏது? பெரியகுளத்துப் பக்கமிருந்து நடந்தோ, குதிரையிலோ, டோலியிலோ ஏறியாக வேண்டும்.

அந்தப் பழைய வழிகளுள் ஒன்றில் வெள்ளகவி என்னும் ஊர் இருக்கிறது. அவ்வூரார் தங்கள் ஊருக்குள் செருப்பணிந்து நடப்பதில்லை. தெய்வங்கள் குடியிருக்கும் மண் என்பது அவர்களது நம்பிக்கை. எரியும் முட்செடியின்முன் மிதியடியைக் கழற்றிய மோயீசனை அறிந்த நமக்கு இதன் பொருளை எவரும் விளக்க வேண்டியதில்லை. அந்த வழியில் காலிப் புட்டிகளையும் தின்பண்ட உறைகளையும் வீசிவிட்டுச் செல்வோர் பெரும்பாலும் படித்தவர்கள் என்பதுதான் வேதனை.

இனி அனுமதியைப்பற்றி. ‘அரசாங்கக் காடு என்றால் பொதுச் சொத்துத்தானே, நாம் நடக்க யார் சீட்டுக் கொடுப்பது?’ என்று மன்றத்துப் பையன் ஒருவன் கேட்டான். கேள்வி நல்ல கேள்வியே. ஆனால் பொதுக் கிணறு என்பதற்காக அதில் யாரும் கால் கழுவுவதில்லை. காப்புக்காட்டில் அனுமதியின்றி நுழைவதையும் தீ மூட்டுவதையும் 1882-ஆம் ஆண்டின் வனச் சட்டமே குற்றமாக்கியுள்ளது. குரங்கணிக்குப் பின் 2018-லேயே மலைநடைக்கெனத் தனி விதிகள் வந்தன. 2024 அக்டோபரில் தமிழக வனத்துறை, ‘ட்ரெக் தமிழ்நாடு’ என்ற பெயரில், 40 தடங்களைத் தெரிந்தெடுத்து, எளிது, நடுத்தரம், கடினம் என்று வகுத்து, முன்பதிவுடன் திறந்துவிட்டது. மலைக்கிராமங்களையும் பழங்குடிகளையும் சேர்ந்த இளைஞர்கள் பயிற்சி பெற்று வழிகாட்டிகளாக வருகின்றனர். கட்டணம் மிகுதி என்று முணுமுணுப்போர் உண்டு. நாலுபேர் கொண்ட குடும்பத்திற்கு அது சுமைதான் என்பதை நாமும் ஒப்புகிறோம். எனினும் அதில் ஒரு பகுதி வழிகாட்டியின் கூலி. நம்மைச் சாம்பலண்டை திருப்பி அழைத்துச் சென்ற அந்த முதியவருக்கு அன்று எவரும் ஒரு காசு கொடுக்கவில்லை.

தீக்காலத்தில் இத்தடங்கள் மூடப்படுகின்றன. 2025-இல் பிப்ரவரி 15 முதல் ஏப்ரல் 15 வரை மூடியிருந்தனர். நம் பிள்ளைகள் கேட்ட மார்ச் மாதம் எந்தக் கணக்கில் வந்தது என்பதை இப்போது அவர்களே அறிவர்.

முடிவாக நாம் மன்றத்தாரிடம் சொன்னது இது. வேளாங்கண்ணி மாதா திருவிழா முடிந்த பின், செப்டம்பரில், ஒரு நாள் மட்டும், பகலிலேயே சென்று திரும்பும் எளிய தடம். கூடாரம் இல்லை, அடுப்பு இல்லை, பாட்டுப்பெட்டியும் இல்லை. கட்டுச்சோறு வாழையிலையில். நைலான் உடை வேண்டாம், பருத்தியே அணிக. வழிகாட்டி ‘நில்’ என்றால் பங்குக் குரு உட்பட எல்லோரும் நிற்க வேண்டும். நீலகிரியில் கோத்தகிரியை அடுத்த லாங்வுட் சோலையை நாம் தெரிந்தெடுத்தோம். “அது சின்னக் காடு ஃபாதர்!” என்றனர். உண்மைதான், 116 ஹெக்டேர் மட்டுமே. ஆனால் அச்சோலை மழைநீரைப் பஞ்சுபோல் உறிஞ்சி வைத்து, கீழேயுள்ள ஊர்களுக்குக் குடிநீராகக் கசியவிடுகிறது. 2024-இல் ராம்சார் உடன்படிக்கையின் கீழ் உலக முக்கியத்துவமுடைய ஈரநிலங்களுள் ஒன்றாக அது சேர்க்கப்பட்டது. காட்டுமாடுகள் உலவும் இடமும்கூட. சின்னக் காட்டிலே வாயை மூடி நடக்கக் கற்றவனைத்தான் பெரிய காட்டிற்கு அழைத்துச் செல்ல நமக்குத் துணிவு வரும் என்றோம். முணுமுணுத்தாலும் சம்மதித்தனர்.

பதினெட்டு வயது நிரம்பாதோருக்குப் பெற்றோரின் சம்மதக் கடிதம் விதிப்படி வேண்டும். நாம் வயது பாராமல் இருபது வீட்டாரிடமும் கடிதம் கேட்டிருக்கிறோம். இதை எழுதும் நாள்வரை பதினேழு வந்துள்ளன. இரண்டு வீட்டாருக்குச் செலவே தடை என்று கேள்வியுற்றோம். அதை வின்சென்ட் தே பவுல் சபையார் காதும் காதும் வைத்ததுபோல் கவனித்துக்கொள்வர்.

எஞ்சியது அந்தத் தாயின் கடிதம். சென்ற வாரம் கோவில் வாயிலில் அவர் நம்மிடம் ஒன்று மட்டும் கேட்டார்: “அந்த வழிகாட்டிப் பிள்ளைக்கு, தீ வந்தால் எந்தப் பாறைக்குப் போகணும்னு தெரியுமா சாமி?” அதை அவரிடமே நேரில் கேட்டுக்கொள்ளலாமே என்று தோன்றிற்று. குழுவோடு பெற்றோர் இருவர் உடன்வர இடம் வைத்திருக்கிறோம். வரும் சனிக்கிழமை மாலை அவர் இல்லத்திற்குச் சென்று, மகளை அனுப்புமாறு கேளாமல், அவரையே நம்மோடு வருமாறு கேட்கவிருக்கிறோம். அவருக்கு முழங்கால் வலி உண்டு, நமக்கும் உண்டு. மெல்ல நடப்பவர்களுக்காக வழிகாட்டி காத்து நிற்பார் என்று சொல்லிப் பார்ப்போம்.