காலடிக் கணக்கும் கூலிக் கணக்கும்

நாட்டின் பொருளாதார நிலையை அறிய, முன்பெல்லாம் ஆலை உற்பத்தியைக் கணக்கிட்டார்கள். வரி வசூலைப் பார்த்தார்கள். வீடு வீடாகச் சென்று விசாரித்தார்கள். இப்போது புதுவழி ஒன்று பிறந்திருக்கிறது. தொழிலாளியின் சட்டைப்பையிலுள்ள கைபேசி போதும் என்கிறார்கள் நிபுணர்கள். "பஸ்ஸுக்குச் சில்லறைகூட இல்லாத பையிலா நாட்டின் பொருளாதாரம் இருக்கிறது!" என்று தோழர்கள் சிரிக்கலாம். சிரித்து ஒதுக்கிவிடக்கூடிய செய்தியல்ல இது.

கைபேசியில் பேசும்போது அது பக்கத்துக் கோபுரத்தோடு தொடர்பு கொள்கிறது. எந்த எண், எந்த நேரம், எந்தக் கோபுரம் என்பது கம்பெனியின் ஏட்டில் பதிவாகிறது. இரவில் கைபேசி தங்கும் இடம் வீடு. பகலில் தங்கும் இடம் வேலைத்தலம். இப்படி லட்சக்கணக்கான பதிவுகளைக் கூட்டிப் பார்த்தால், எந்தப் பகுதியிலிருந்து எந்தப் பகுதிக்கு எத்தனை பேர் வேலைக்குப் போகிறார்கள் என்பது தெரிந்துவிடும்.

கிரைண்ட்லர், மியாவுச்சி என்ற இரு பொருளாதார அறிஞர்கள் டாக்கா, கொழும்பு நகரங்களில் இதைச் செய்து காட்டினார்கள். அவர்களது ஆய்வு 2023-ல் அச்சேறியது. சூத்திரம் எளியதுதான். பக்கத்தில் ஒரு பட்டறை இருக்க, இரண்டு பஸ் மாறித் தூரத்து ஆலைக்குப் பலர் போகிறார்கள் என்றால், அங்கே கூலி கூடுதலாக இருக்க வேண்டும். யாரிடமும் சம்பளம் கேட்காமலே, கால் போகும் திசையைக் கொண்டு கூலியை மதிப்பிட்டார்கள். தனியாக எடுக்கப்பட்ட வருமானக் கணக்கோடு ஒப்பிட்டபோது, மதிப்பீடு பொருந்தி வந்தது.

அந்த ஆய்வு இன்னொன்றும் சொல்கிறது. டாக்காவில் ஹர்த்தால் நாட்களில், அதிக வருமானக்காரரின் பயணந்தான் அதிகம் குறைந்தது. குறைந்த கூலிக்காரரின் பயணம் அவ்வளவு குறையவில்லை. ஏன்? கோபுரம் காரணம் சொல்லாது, நமக்குத் தெரியும். மாதச் சம்பளக்காரருக்கு நாற்காலி காத்திருக்கும். அன்றாடங்காய்ச்சிக்கு அடுப்பு காத்திருக்குமா?

இந்தக் கணக்கே வேண்டாம் என்று நாம் சொல்லவில்லை. 2020-ல் ஆப்பிரிக்காவின் டோகோ நாட்டில், கைபேசிப் பதிவுகளைக் கொண்டு ஏழைகளை அடையாளம் கண்டு, கைபேசி வழியாகவே உதவிப் பணம் அனுப்பினார்கள். பசித்த வயிற்றுக்குச் சோறு தேடிக் கொடுத்த விஞ்ஞானத்தை வரவேற்கிறோம்.

ஆனால், கால் நடந்தால் கூலி கிடைத்துவிட்டது என்று பொருளா? சவாரி கிடைக்காமல் நாளெல்லாம் சுற்றும் ஆட்டோத் தோழரின் கைபேசியும் நகர்கிறது. வேலை கேட்டு நாற்சந்தியில் நிற்கும் கொத்தனாரின் கைபேசியும் கடைவீதியில்தான் இருக்கிறது. காலை முதல் மாலை வரை வீட்டுத் திண்ணையில் பீடி சுற்றும் தாயின் கைபேசியோ அசைவதே இல்லை. அலைந்தவர் உழைத்தவராம், உழைத்தவர் ஓய்ந்திருந்தவராம்! இதுவா நியாயமான கணக்கு?

2020-ஐ நினைத்துப் பாருங்கள். மார்ச் 25-ல் ஊரடங்கு வந்தது. ஏப்ரலில் கூகிள் கம்பெனி நடமாட்ட அறிக்கை வெளியிடத் தொடங்கியது. கடைவீதியில், வேலையிடத்தில், பஸ் நிலையத்தில் நடமாட்டம் எத்தனை சதவீதம் குறைந்தது என்று நாள்தோறும் கணக்கு! மே 8-ந் தேதி, மகாராஷ்டிரத்தில் அவுரங்காபாத் அருகே, ஊருக்கு நடந்து போன களைப்பில் தண்டவாளத்தில் கண்ணயர்ந்த தொழிலாளர் 16 பேர் சரக்கு ரயில் ஏறி மாண்டனர். இப்படி ஊர் திரும்பும் வழியில் மடிந்தவர்கள் எத்தனை பேர் என்று செப்டம்பரில் மக்களவையில் கேட்கப்பட்டது. அத்தகைய விவரம் இல்லை என்று மத்திய சர்க்கார் பதில் தந்தது. கடைவீதியின் காலடிக்குக் கணக்கு உண்டு. செத்த தொழிலாளிக்குக் கணக்கு இல்லை!

அந்த நடமாட்ட அறிக்கையாவது நிலைத்ததா? 2022 அக்டோபரில் கம்பெனி அதை நிறுத்திவிட்டது. குழாய் அவர்கள் கையில். திறப்பதும் மூடுவதும் அவர்கள் விருப்பம். அளவுகோலையே கம்பெனியிடம் இரவல் வாங்கும் சர்க்கார், எதை அளந்து எப்படித் திட்டம் தீட்டும்?

பெயரை நீக்கித்தானே பதிவைத் தருகிறார்கள், பயம் என்ன என்பார் சிலர். 2013-ல் வெளியான ஓர் ஆய்வு 15 லட்சம் பேரின் கைபேசிப் பதிவுகளை ஆராய்ந்தது. ஒருவர் எந்த நேரத்தில் எங்கே இருந்தார் என்பதற்கு நான்கே நான்கு புள்ளிகள் போதும், நூற்றுக்கு 95 பேரைத் தனியாகப் பிரித்துவிடலாம் என்று அது கண்டது. தோழர்களே, எண்ணிப் பாருங்கள்: வீடு, ஆலைவாசல், டீக்கடை, சங்க அலுவலகம். ஆயிற்று நான்கு! வேலைநிறுத்தத்தன்று யார் எங்கே நின்றார் என்ற பட்டியல் முதலாளியின் மேஜைக்குப் போகாது என்பதற்கு யார் ஜாமீன்?

ஆகவே நாம் கேட்பது மூன்று. கைபேசிக் கம்பெனிகள், தனி ஆளை அடையாளம் காட்டாத கூட்டுத்தொகையை மட்டும், அரசின் புள்ளிவிவரத் துறைக்குச் சட்டப்படி தர வேண்டும். அது பொதுமக்கள் பார்வைக்கும் வரவேண்டும். தொழிலாளியின் நடமாட்டப் பதிவு எந்த முதலாளிக்கும் விற்கப்படக் கூடாது; சங்க நடவடிக்கையை வேவு பார்க்கப் பயன்படுத்துவது குற்றமாக வேண்டும். மூன்றாவது, கோபுரக் கணக்கு வீட்டுவாசல் கணக்குக்குத் துணையாகலாம்; ஈடாகாது. 2021-ல் எடுத்திருக்க வேண்டிய மக்கள்தொகைக் கணக்கு 2027-க்குத் தள்ளிப்போனதே, அந்தப் பாடம் போதாதா?

நம் காலடியை எண்ணுகிறவர்கள் எண்ணட்டும். எத்தனை மணி நேரம் உழைத்தாய், எவ்வளவு கூலி வாங்கினாய், வீட்டில் அடுப்பெரிந்ததா என்று வாசலில் நின்று கேட்கும் கணக்கும் வேண்டும். அதைச் சங்கக் கூட்டங்களில் தீர்மானமாக்குங்கள். தேர்தலில் வாக்குக் கேட்டு வருவோரிடம் கேளுங்கள். கேட்காத கணக்கை யாரும் எழுதமாட்டார்கள்.