சொல்லும் வாய் ஓயுமுன்!

வரலாறு என்றதும் நம் வகுப்பறைகளில் வாளோசை கேட்கிறது, முரசு முழங்குகிறது, முடிசூட்டு விழா நடக்கிறது. கங்கை கொண்டவன் யார், கடாரம் வென்றவன் யார் என்று கேட்டால் கைகள் உயர்கின்றன. "உன் தெருவிலிருந்து முதன்முதலில் கல்லூரி வாயிலை மிதித்தவர் யார்?" என்று முகையூர் வட்டாரத்துப் பிள்ளைகளைக் கேட்டோம். உயர்ந்த கைகள் தாழ்ந்தன! பிள்ளைகள் மீதா குற்றம்? அல்ல. அவர்கட்கு நாம் சொன்னோமில்லை. நமக்கும் எவரும் சொன்னாரில்லை.

சொல்வதற்கு ஒன்றுமில்லாத ஊரா இது? 1967-இல் முகையூர்த் தொகுதி மக்கள் ஆ. கோவிந்தசாமியைச் சட்டமன்றத்துக்கு அனுப்பினர். 1952-இலேயே உழைப்பாளர் கட்சியின் சார்பில் மன்றம் புகுந்த அவர், அண்ணாவின் அமைச்சரவையில் வேளாண்மைத் துறை ஏற்றார், 1969-இல் மறைந்தார். திண்டிவனம் அரசு கலைக் கல்லூரி அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது. ஆனால் அவரைத் தேர்ந்தெடுத்த முகையூர்த் தொகுதியோ, 2008-ஆம் ஆண்டின் மறுசீரமைப்பில் பட்டியலிலிருந்தே மறைந்துவிட்டது! அன்று முதன்முறை வாக்களித்த இளைஞருக்கு இன்று வயது எண்பது. அந்தத் தேர்தலில் எந்தத் திண்ணை கூட்ட மேடையாயிற்று, எவர் வண்டி கட்டினார், எந்த வீட்டார் கதவடைத்தார் என்பவையெல்லாம் எந்தக் கோப்பில் இருக்கின்றன? எண்பது வயது நெஞ்சில் இருக்கின்றன. அங்கு மட்டுமே இருக்கின்றன!

கல்லூரிகளின் கதையும் இதுவே. விழுப்புரத்திலும் திண்டிவனத்திலும் அரசு கலைக் கல்லூரிகள் எழுந்தது 1960-களின் இறுதியில். பழைய பேரேட்டில் சேர்க்கை எண் இருக்கும், கட்டணம் இருக்கும், மதிப்பெண் இருக்கும். அந்தக் கட்டணத்துக்காக எந்தத் தாயின் தோடு அடகுக்குப் போயிற்று என்பது இருக்குமா? ஏர் பிடித்த கை முதன்முதலில் எழுதுகோல் பிடித்தபோது ஊர் என்ன சொல்லிற்று என்பது இருக்குமா? முதல் அணியில் படித்தவர்கள் எழுபதைத் தாண்டிவிட்டனர். அவர்கட்குப் பாடம் சொன்ன ஆசிரியர்களில் எத்தனை பேர் எஞ்சியுள்ளனர்?

"அரசின் ஆவணக் காப்பகம் இருக்கிறதே!" என்பர். இருக்கிறது, எழும்பூரில் 1909 முதல் இருக்கிறது, போற்றுகிறோம். ஆயின் அங்கே பெரும்பாலும் இருப்பது ஆண்டவர்கள் எழுதியது. ஆளப்பட்டவர்கள் பேசியது அல்ல. வரி எவ்வளவு என்பதை அறியலாம். வரி கட்டியபின் வீட்டில் உலை கொதித்ததா என்பதை அறிய இயலாது. கல்வெட்டின் நிலையும் அதுதான். திருக்கோவலூருக்கு அருகே ஜம்பையில் 1981-இல் கண்டறியப்பட்ட தமிழிக் கல்வெட்டு, அதியமான் நெடுமான் அஞ்சியின் பெயரை ஏறத்தாழ இரண்டாயிரம் ஆண்டுகள் காத்துத் தந்தது. மகிழ்ச்சி! அந்தப் பாறையில் உளி பிடித்து வெட்டிய உழைப்பாளியின் பெயர் என்ன? பாறை பேசவில்லை.

"கிழவர் பேச்சு சான்றாகுமா? மறதி வராதா? மிகை கலவாதா?" என்று கேட்கும் படித்த பெருமக்களும் உளர். மறதி வரும், மிகையும் கலக்கும். ஆனால் தாள் மட்டும் தவறே செய்யாததா? 1968 டிசம்பர் 25 இரவில் கீழவெண்மணியில் 44 உயிர்கள் எரிந்தன. 1973-இல் உயர்நீதிமன்றம் நிலக்கிழார்களை விடுவித்தது. தீர்ப்பை மட்டுமே படிப்பவனுக்குக் கொலை தெரியும், கொன்றவன் தெரியான்! அந்த மக்களின் வாய்மொழியைப் பாரதி கிருஷ்ணகுமார் 2005-இல் 'இராமையாவின் குடிசை' ஆவணப்படத்தில் பதிந்தார். தாளும் வாய்மொழியும் எதிரெதிரே வைத்துப் பார்க்கப்பட வேண்டியவை. ஒன்றை மற்றொன்று திருத்தும்.

அமெரிக்காவில் 1936 முதல் 1938 வரை, முன்னாள் அடிமைகள் இரண்டாயிரத்துக்கும் மேற்பட்டோரைத் தேடிச் சென்று அரசின் செலவிலேயே அவர்கள் சொன்னதை எழுதி வைத்தனர். எசமானின் கணக்கேட்டில் அடிமையின் விலை இருந்தது. சாட்டையின் வலியோ அடிமையின் வாயில்தான் இருந்தது. சில ஆண்டுகள் தாழ்த்தியிருந்தால் அந்த வாய்கள் மூடியிருக்கும்.

ஓர் எச்சரிக்கையும் தேவை. வாய்மொழி திரட்டுகிறோம் என்று புறப்பட்டுப் பெரிய தெருவின் திண்ணையோடு திரும்பினால், கிடைப்பது வரலாறு அன்று. சாதிப் பெருமையின் புதுப்பதிப்பு! காலனிக்குச் செல்ல வேண்டும். நாற்று நட்ட பெண்ணைக் கேட்க வேண்டும். கல்லூரி முதல்வரைக் கேட்பது போலவே, விடுதியில் சோறு வடித்தவரையும் வாயிற்காவலரையும் துப்புரவுப் பணியாளரையும் கேட்க வேண்டும்.

இதற்குப் பெருநிதி வேண்டுமா? வேண்டா. மாணவர் கையில் கைப்பேசி இருக்கிறது, ஒலியைப் பதியும். பேசுவோரின் இசைவைப் பெறுக. பெயரும் நாளும் இடமும் குறித்திடுக. சொன்னதைச் சொன்னபடியே எழுதுக. பழைய ஒளிப்படங்களையும் விழா மலர்களையும் படியெடுத்துக்கொண்டு திருப்பித் தருக. ஒரு படி கல்லூரி நூலகத்தில், ஒரு படி ஊர் நூலகத்தில் இருக்கட்டும். வரலாற்றுத் துறை ஒவ்வொன்றும் இதை மாணவரின் பாடப்பணியாகவே ஆக்கட்டும்!

நம் குற்றத்தையும் மறைக்க விரும்பவில்லை. மாணவி ஒருத்தி, தன் தாத்தாதான் தெருவின் முதல் பட்டதாரி என்று கண்டறிந்து வந்து சொன்னாள். கன்றுக்குட்டியை விற்றுக் கட்டணம் கட்டிய கதையாம். "வரும் ஞாயிறு வருகிறோம், அம்மா" என்றோம். தேர்வுத் தாள் திருத்தும் வேலை வந்தது. ஒரு ஞாயிறு மூன்று ஞாயிறாயிற்று. நாம் சென்ற நாளில் முற்றத்தில் பந்தல் போட்டிருந்தனர்; பெரியவரை அடக்கம் செய்து இரு நாள் ஆகியிருந்தது. கன்றுக்குட்டி மட்டும் நமக்குத் தெரியும். மற்றவை அவரோடு போயின.

ஆசிரியத் தோழர்களே! மாணவ நண்பர்களே! சிலைக்கு மாலையிடுவதை நாளை வைத்துக்கொள்ளலாம், சிலை காத்திருக்கும். திண்ணையில் இருக்கும் முதியவர் காத்திருக்க மாட்டார். இன்று மாலையே செல்லுங்கள். அருகே அமருங்கள். கேளுங்கள்!