செத்த ஈக்கு எதற்குப் புதுப் பெயர்?

"புதிய உயிரினம் கண்டுபிடிப்பு" என்று ஒரு செய்தி வந்தால் பத்திரிகைகள் அதற்குப் படத்துடன் இடம் ஒதுக்கும். ஆனால், நூறு ஆண்டுகளுக்கும் மேலாக அருங்காட்சியகப் பெட்டியொன்றில் ஊசியில் குத்தப்பட்டுக் கிடந்த ஓர் ஈயை வெளியே எடுத்து, அதன் உடலை மறுபடியும் அளந்து, பழைய விவரிப்பின் பிழைகளைக் களைந்து, உரிய பேரினத்தில் அதனைச் சேர்த்திருக்கிறார்கள் என்று ஒரு செய்தி வந்தால், அது செய்தி ஆசிரியரின் மேசையைத் தாண்டுவது அரிது. செத்த ஈக்கு எதற்குப் புதுப் பெயர் என்ற கேள்வியோடு அது குப்பைக் கூடைக்குள் போய்விடும். என்னுடைய கருத்தில், இவ்விரு செய்திகளுள் இரண்டாவதே கனதியானது.

அசிலிடே என்பது ஒரு பெரும் ஈக் குடும்பம். ஆங்கிலத்தில் இதற்குள்ள பெயரைத் தமிழாக்கினால் 'கொள்ளைக்கார ஈ' என்று வரும். உலகில் இதுவரை 7,000க்கும் மேற்பட்ட இனங்கள் பெயரிடப்பட்டுள்ளன. உச்சந்தலையில் இரு கண்களுக்கும் இடையே ஒரு பள்ளம், முகத்தில் மீசைபோல அடர்ந்த மயிர்க்கற்றை, முட்கள் நிறைந்த வலிய கால்கள் ஆகியவை இவற்றின் அடையாளங்கள். பறக்கும் பூச்சியைப் பறந்தே பிடித்து, கூரிய வாயுறுப்பால் குத்தி, நஞ்சு கலந்த உமிழ்நீரைச் செலுத்தும். இரையின் உள்ளுறுப்புகள் கரைந்து நீரானதும் அதனை உறிஞ்சிவிடும். குளவிகளையும் தேனீக்களையுங்கூட இவை விட்டுவைப்பதில்லை.

லின்னேயஸ் 1758 ஆம் ஆண்டில் இத்தகைய ஈக்களை அசிலஸ் என்ற ஒரே பேரினத்தில் அடக்கினார். அவருடைய மாணவரான பெப்ரீசியஸ் 1775 இல் இந்தியாவிலிருந்து கிடைத்த ஓர் ஈயை அசிலஸ் மக்குலாட்டஸ் என்று விவரித்தார். தரங்கம்பாடியில் டேனிய மிசனின் மருத்துவராயிருந்த கோனிக் அனுப்பிய பூச்சிகள் பலவற்றுக்கும் பெயரிட்டவர் இதே பெப்ரீசியஸ்தான். பின்னர் 1848 இல் லோ என்ற யேர்மனிய அறிஞர் புரொமக்கஸ் என்ற பேரினத்தை உருவாக்கினார். முன்னணியில் நின்று போரிடுபவன் என்பது அந்தக் கிரேக்கச் சொல்லின் பொருள். மக்குலாட்டஸ் இன்று அந்தப் பேரினத்தில்தான் இருக்கிறது.

இந்த இடமாற்றம் பெயரிலேயே பதிவாகியிருப்பது கவனிக்கத்தக்கது. விலங்கியற் பெயரீட்டு விதிகளின்படி, ஓர் இனம் அது முதலில் வைக்கப்பட்ட பேரினத்திலிருந்து மாற்றப்பட்டால், அதனை முதலில் விவரித்தவரின் பெயரை அடைப்புக்குறிக்குள் எழுத வேண்டும். 'பெப்ரீசியஸ், 1775' என்பது அடைப்புக்குறிக்குள் இருந்தால், பின்னர் வந்த யாரோ ஒருவர் திருத்தியிருக்கிறார் என்று பொருள். முதலாமவரின் உழைப்பு அழிக்கப்படவில்லை, அவருடைய முடிவு மாற்றப்பட்டதும் மறைக்கப்படவில்லை. ஒரு சிறு குறிக்குள் இவ்வளவு நேர்மையை வைக்கத் தெரிந்த துறை வேறு உண்டோ என்று நான் வியந்ததுண்டு.

இத்தகைய திருத்தங்கள் ஏன் தேவைப்படுகின்றன என்பதற்கு பிரான்சிஸ் வோக்கரின் கதை ஒன்றே போதும். இலண்டனிலுள்ள பிரித்தானிய அருங்காட்சியகத்தின் பூச்சித் தொகுப்புகளை 19 ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் பட்டியலிட்டவர் அவர். ஆயிரக்கணக்கான இனங்களுக்கு அவர் பெயரிட்டார். வேகம் மிகுந்தது, கவனம் குறைந்தது. ஒரே இனத்துக்குப் பல பெயர்கள் சூட்டப்பட்டன. எந்தப் பூச்சிக்கும் பொருந்தக்கூடிய சில வரிகளே விவரிப்பு என்ற பெயரில் அச்சேறின. 1874 இல் அவர் மறைந்தபோது வெளியான இரங்கற் குறிப்பொன்று, இருபதாண்டுகள் முன்னதாகவே மறைந்திருந்தால் அவருடைய புகழாவது எஞ்சியிருக்கும் என்ற பொருள்பட எழுதியது. இரங்கலுரையில் அத்தகைய கடுமை அபூர்வமானது.

இந்த வோக்கருக்கும் எங்கள் நாட்டுக்கும் நேரடித் தொடர்பு உண்டு. இலங்கையின் குடியேற்றச் செயலாளராயிருந்த எமர்சன் ரெனன்ற் 1859 இல் வெளியிட்ட இலங்கை பற்றிய பெருநூலில் உள்ள பூச்சிப் பட்டியலைத் தயாரித்துக் கொடுத்தவர் அவரே. டெம்பிள்டன், லேயார்ட் முதலியோர் இங்கு சேகரித்தவற்றையும் இலண்டனில் இருந்த தொகுப்புகளையும் பார்த்து அவர் அதனை எழுதினார். ஆக, இலங்கைப் பூச்சிகள் பற்றிய நவீன அறிவின் முதற் பட்டியல்களில் ஒன்றே திருத்தம் வேண்டி நிற்கும் கைகளிலிருந்து வந்தது.

ஆனால் வோக்கரிடம் ஒரு நன்மை இருந்தது. அவர் பார்த்த பூச்சிகள் எறியப்படவில்லை. ஓர் இனத்துக்குப் பெயரிடும்போது அந்தப் பெயருக்கு ஆதாரமாக வைக்கப்படும் உடலை 'மூல மாதிரி' என்பர். எழுத்து எவ்வளவு மங்கலாயிருந்தாலும், மூல மாதிரி இருக்குமானால் பெயரின் பொருளை மீட்டெடுக்கலாம். கொள்ளைக்கார ஈயை மறுபடி விவரிக்கும் ஆய்வாளர், சிறகு நரம்புகளின் அமைப்பையும் முகமயிரின் பரப்பையும் கால்முட்களையும் நுணுக்குக்காட்டியின் கீழ் பார்ப்பார். ஆண் ஈயின் வயிற்று நுனியிலுள்ள இனப்பெருக்க உறுப்பைப் பிரித்து, காரக் கரைசலில் ஊறவைத்துத் தெளிவாக்கி, வரைந்து, பின்னர் கிளிசரின் நிரப்பிய மிகச் சிறு குப்பியிலிட்டு அதே ஊசியிலேயே செருகிவிடுவார். நெருங்கிய இனங்களைப் பிரித்தறிய அந்த உறுப்பே பெரும்பாலும் துணை செய்கிறது. ஆணும் பெண்ணும் தனித்தனி இனங்களாகப் பெயர் பெற்றிருந்தால், பொதுவாக முந்திய பெயர் நிற்கும், பிந்தியது ஒத்தபெயராக ஒதுக்கப்படும்.

ஊசியில் ஈக்குக் கீழே சிறு சீட்டுகள் கோக்கப்பட்டிருக்கும். பிடித்த இடம், நாள், பிடித்தவர், முன்னர் இட்ட பெயர் எல்லாம் அவற்றில் இருக்கும். திருத்துபவர் தமது முடிவை எழுதிய புதிய சீட்டை அடியில் சேர்ப்பார். பழைய சீட்டு பிழையானது என்று தெரிந்தாலும் அதனை அகற்றுவதில்லை. சான்று எதுவுமின்றி ஊர்களின் பெயர்கள் மாறுவதையும் பழைய பெயர்ப்பலகைகள் காணாமற் போவதையும் பார்த்துப் பழகிய எமக்கு, இந்த ஒழுங்கு ஒரு பாடமாக இருக்க வேண்டும்.

இதனால் சாமானியனுக்கு என்ன பயன் என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். இலங்கையில் மலேரியாவைப் பரப்பிய முதன்மை நுளம்புக்கு 1901 இல் பெயரிடப்பட்டது. நீண்டகாலம் அது ஓரினமாகவே கருதப்பட்டது. பின்னர் நடந்த ஆய்வுகள், அந்த ஒரு பெயருக்குள் உருவத்தால் பிரிக்க முடியாத ஐந்து இனங்கள் இருப்பதைக் காட்டின. அவற்றுள் சில நோயைத் திறமையாகப் பரப்புபவை, ஒன்று அவ்வாறல்ல. எது எது என்று தெரியாமல் மருந்தடித்தால் பணமும் நஞ்சும் வீண். ஒரு பூச்சி பற்றி நாம் அறிந்த அனைத்தும் அதன் பெயரில்தான் தொங்குகிறது. பெயர் பிழைத்தால் அறிவும் பிழைக்கும்.

இன்னொரு சான்று தவளைகள். 2007 ஆம் ஆண்டில் இலங்கை ஆய்வாளர்களை உள்ளடக்கிய குழுவொன்று இரண்டு மரத்தவளை இனங்களைப் புதிதாக விவரித்தது. அவற்றின் மாதிரிகள் 1876க்கு முன்னர் இலங்கையில் சேகரிக்கப்பட்டு இலண்டன் இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தில் இருந்தவை. இலங்கையில் எந்த இடத்தில் பிடிக்கப்பட்டவை என்ற குறிப்பு அவற்றில் இல்லை. இரண்டு இனங்களும் அழிந்துவிட்டதாகவே கருதப்படுகிறது. அவற்றுள் மாயா என்று பெயர் பெற்ற தவளையின் வயிற்றில் முட்டைகள் ஒட்டியிருந்தன. அந்தப் பேரினத்தில் அதுவரை எவரும் பதிவு செய்யாத வழக்கம் அது. கோப்பிக்காக மலைக்காடுகள் வெட்டப்பட்ட காலம் அது என்பதையும் நினைவிற் கொள்ள வேண்டும். யாரோ ஒருவர் அந்தப் போத்தலைப் பத்திரப்படுத்தியிராவிட்டால், அப்படியொரு தாய் இந்த மண்ணில் இருந்தாள் என்பதே எவருக்கும் தெரியாமற் போயிருக்கும்.

இந்தக் காலத்தில் கமெரா போதாதா, உயிரைக் கொன்று ஊசியில் ஏற்ற வேண்டுமா என்று கேட்போர் உளர். 2015 இல் தென்னாபிரிக்காவில் ஓர் ஈயினத்தைப் புகைப்படங்களை மட்டும் ஆதாரமாகக் கொண்டு இருவர் பெயரிட்டனர். அடுத்த ஆண்டே நானூறுக்கும் மேற்பட்ட வகைப்பாட்டியலாளர்கள் ஒப்பமிட்டு, அந்த வழி போதாது என்று எழுதினார்கள். 2017 இல் பெயரீட்டு ஆணையம் இவ்விடயத்தில் மேலும் கவனமான பரிந்துரைகளைச் சேர்த்தது. உயிரிரக்கம் மதிக்கத்தக்கதே. அருகிவரும் விலங்குகளில் அதற்கு முதலிடம் தரவும் வேண்டும். ஆயினும், புகைப்படத்தில் காணாத உறுப்பை நாளைய ஆய்வாளர் புகைப்படத்தில் தேட முடியாது. வோக்கரைத் திருத்த முடிந்தது உடல் இருந்தபடியால்தான்.

உடலும் அழியக்கூடியதே. 2018 செப்டெம்பர் 2 ஆம் திகதி இரவு றியோ டி ஜெனீரோவிலுள்ள பிரேசில் தேசிய அருங்காட்சியகம் தீப்பற்றியது. 1818 இல் நிறுவப்பட்ட அந்த நிறுவனத்தின் ஏறத்தாழ ஐம்பது இலட்சம் பூச்சி மாதிரிகள் சாம்பலாயின. ஈக்களின் மூல மாதிரிகளும் அவற்றுள் அடக்கம். நூலகம் எரிந்த யாழ்ப்பாணத்தைச் சேர்ந்தவர்களுக்கு இந்த இழப்பை விளக்கத் தேவையில்லை. அச்சிட்ட நூலுக்கு வேறெங்காவது ஒரு படி கிடைக்கலாம். மூல மாதிரிக்கு இரண்டாம் படி கிடையாது.

எனவே மூன்று காரியங்களை வற்புறுத்த விரும்புகிறேன். முதலாவது, எமது தீவின் உயிரினங்களின் மூல மாதிரிகளை வைத்திருக்கும் ஐரோப்பிய அருங்காட்சியகங்கள், அவற்றின் துல்லியமான படங்களையும் சீட்டுகளையும் எவரும் கட்டணமின்றிப் பார்க்கும்படி வெளியிட வேண்டும். விமானச் சீட்டு வாங்க வசதியுள்ள மாணவனே எமது ஈக்களை ஆராயலாம் என்ற நிலை நீதியானதன்று. இரண்டாவது, எமது பல்கலைக்கழகங்கள் தமது சுற்றாடலின் பூச்சிகளை இடமும் நாளும் குறித்துச் சேகரித்துப் பேண வேண்டும். அதற்கு ஊசியும் பெட்டியும் பூச்சியரிக்காத அறையும், மாற்றலாகிப் போகாத ஒரு காப்பாளரும் போதும். மூன்றாவது, ஊடகங்கள் கண்டுபிடிப்புக்குத் தரும் இடத்தில் ஒரு பகுதியையாவது திருத்தத்துக்கும் தர வேண்டும்.

ஓர் ஈயின் பெயரைத் திருத்த ஒருவர் ஓராண்டைச் செலவிடுவதைப் பார்த்து நகைப்பது எளிது. பிழையான பெயரை இன்னும் நூறாண்டுகள் சுமப்பதற்கு ஆகும் செலவை யார் கணக்கிடுவார்?