யன்னலருகே கதிரை வேண்டாம்

2018 ஆம் ஆண்டு மே மாதம் 26 ஆம் திகதி மாலை. லாச்சப்பலில், நம் கடைத்தெருவிற்கு அண்மையிலுள்ள மார்க்ஸ் டோர்முவா வீதியில், நான்கு வயதுச் சிறுவன் ஒருவன் நான்காம் மாடிப் பல்கனியின் வெளிப்புறத்தில் தொங்கிக்கொண்டிருந்தான். தந்தை பொருள் வாங்கச் சென்றிருந்தார். வீட்டில் வேறெவரும் இல்லை. அவ்வழியே வந்த மாலி நாட்டு இளைஞர் மமூடூ கசாமா, மாடிக்கு மாடி தாவி ஏறிச் சிறுவனைக் காப்பாற்றினார். பிரான்சு அவருக்குக் குடியுரிமை வழங்கிப் போற்றியது.

அவரை நாமும் போற்றுகின்றோம். ஆயினும், அத்தந்தையை மட்டும் குறைகூறிவிட்டு அமைதியடைய நம்மால் இயலவில்லை. ‘ஐந்து நிமிடத்தில் வந்துவிடுவேன்’ என்று கூறிப் பிள்ளைகளைத் தனியே விட்டுச் செல்லாதோர் நம்மில் எத்தனை பேர்? தாயும் தந்தையும் வேலைக்குச் சென்றபின், தம்பியைக் காப்பது பத்து வயது அக்காவின் கடமையாகிவிடுகின்றது. அது அவள் சுமக்கக்கூடிய சுமையன்று.

நம் தொடர்மாடி இல்லங்கள் சிறியன. கட்டிலும் கதிரையும் யன்னலை ஒட்டியே இடம்பெறுகின்றன; குழந்தைக்கு அவையே ஏறுபடிகள். அவற்றை இன்றே விலக்குவோம். யன்னலுக்குப் பூட்டுப் பொருத்துவோம். வெளியே செல்ல நேரின் பிள்ளையை உடன் அழைத்துச் செல்வோம்; இயலாவிடின் நம்பிக்கைக்குரிய அயலவரிடம் ஒப்படைப்போம். உதவி கேட்பது இழுக்கன்று.

மாணவச் செல்வங்களே! அவசர மருத்துவ உதவிக்கு 15, தீயணைப்புப் படைக்கு 18, எவ்வித ஆபத்திற்கும் 112. இவ்வெண்களை மனத்தில் இருத்துங்கள். வீட்டு முகவரியைப் பிரெஞ்சு மொழியில் தெளிவாகக் கூறப் பழகி, பெற்றோருக்கும் கற்றுக்கொடுங்கள்.

எல்லா யன்னல்களின் கீழும் கசாமாக்கள் நிற்பதில்லை. காவலாகப் பெற்றோராகிய நாமே இருத்தல் வேண்டும்.