தோணாவுக்குத் தீனி போடுவது நாம்தான்

கொஞ்சம் நீண்ட பதிவு. கோபம் வந்தாலும் கடைசி வரை வாசியுங்கள்.

சாய்ந்தமருது தோணாவை சல்பீனியா மூடினால் நம்மிடம் ஒரு வழக்கம் இருக்கிறது. முகநூலில் படம் போடுவோம். யாரையாவது ஏசுவோம். பெக்கோ வரும், அள்ளும், அதற்கும் படம் போடுவோம். சில மாதங்களில் தோணா மறுபடி பச்சையாகக் கிடக்கும். மறுபடி ஏச்சு.

வீட்டில் கடல் மீன் தொட்டி வைத்திருக்கும் தம்பிமாரிடம் கேட்டுப் பாருங்கள். புதிதாகத் தொடங்கியவர் பாசி பிடித்ததும் கண்ணாடியைச் சுரண்டுவார், மருந்துப் போத்தல் வாங்கி ஊற்றுவார். ஒரு கிழமையில் பாசி திரும்பி வரும். அனுபவசாலி முதலில் தண்ணீரைச் சோதிப்பார். பொசுபேற்று லீற்றருக்கு 0.1 மில்லிகிராமைத் தாண்டினாலே அவருக்குக் கவலை. தீனியைக் குறைப்பார், மிஞ்சிக் கிடப்பதை எடுப்பார், கிழமைக்குப் பத்தில் ஒரு பங்கு தண்ணீரை மாற்றுவார். சத்து கூடிப்போனதால்தான் பாசி வந்தது என்று அவருக்குத் தெரியும்.

தோணாவும் அப்படியொரு தொட்டிதான். முகத்துவாரத்தை மணல் அடைத்துவிட்டால், தண்ணீர் மாற்றாத தொட்டி. தீனி போடுவது யார்? கோழிக்கடைக் கழிவு, மீன் கழிவு, குர்பான் நாளில் குடலும் இரத்தமும், சவர்க்காரத் தண்ணீர், சில வீடுகளின் மலசலகூடக் குழாய். "வயல் பசளைதானே காரணம்" என்பார்கள். அதுவும் வருகிறது, மறுக்கவில்லை. ஆனால் வயலுக்குப் பசளை எறிவது போகத்தில் சில நாட்கள். நம் வீட்டுக் குழாய் வருடத்தில் 365 நாளும் ஓடுகிறது.

இதை ஓ.எல் பிள்ளைகளுக்கு நற்போசணையாக்கம் என்று படிப்பிக்கிறோம். பிள்ளை பரீட்சையில் சரியாக எழுதுகிறது. வாப்பா பின்னேரம் ஒரு பை கழிவைப் பாலத்தில் நின்று எறிகிறார்.

சல்பீனியா இலங்கைக்கு வந்தது 1939இல். அதைத் தின்னும் ஒரு வண்டை 1986இல் கொண்டுவந்து விட்டார்கள், பல இடங்களில் அது பலன் தந்தது. ஆனால் வண்டு செடியைத் தின்னும், நம் கழிவைத் தின்னாது. சல்பீனியா போன இடத்துக்கு ஆற்றுவாழை வரும், இல்லாவிட்டால் பாசி வரும். களைகொல்லி அடித்தால் செத்த செடி அதே தண்ணீரில் அழுகி, ஒட்சிசனைக் குறைத்து, மீனையும் கொல்லும். அள்ளியதைக் கரையிலேயே குவித்தால் முதல் மழைக்கே சத்தெல்லாம் திரும்பத் தோணாவுக்குள்.

நாற்றமும் நுளம்பும் மட்டும் பிரச்சினை என்று நினைக்காதீர்கள். நம்முடையது மணல் மண், நிலத்தடி நீர் கைக்கெட்டும் ஆழத்தில் இருக்கிறது. செடிக்குத் தீனியாகும் அதே நைத்திரேற்று கிணற்றுக்கும் ஊறும். குடிநீரில் அது லீற்றருக்கு 50 மில்லிகிராமுக்கு மேல் போகக்கூடாது என்கிறது உலக சுகாதார நிறுவனம். கூடினால் முதலில் பாதிக்கப்படுவது புட்டிப்பால் குடிக்கும் கைக்குழந்தை.

தேங்கி நிற்கும் தண்ணீரில் சிறுநீர் கழிப்பதையே நபிகளார் (ஸல்) தடுத்தார்கள். நாம் குழாயே போட்டு விட்டிருக்கிறோம். பிறகு பள்ளியில் சுத்தம் பற்றிப் பயான் கேட்கிறோம்.

செய்ய வேண்டியவை இவை. அள்ளும் செடியை அன்றைக்கே தூரத்துக்கு ஏற்றிப் பசளையாக்க வேண்டும். கழிவை எங்கே கொட்டுகிறார் என்று காட்டாத இறைச்சிக் கடைக்கு அனுமதி கொடுக்கக் கூடாது. குர்பான் கழிவுக்குப் பள்ளிவாசல் நிர்வாகங்கள் பெருநாளுக்கு முன்பே இடம் ஒதுக்க வேண்டும். தோணாவுக்குள் திறக்கும் குழாய்களை எண்ணி அடைக்க வேண்டும், அது யாருடைய வீடானாலும். தண்ணீரை மாதாமாதம் அளந்து கணக்கை ஊருக்குச் சொல்ல வேண்டும்.

யார் சபைக்கு வந்தாலும் இதைக் கேட்போம். ஆனால் அடுத்த தரம் பெக்கோவைப் படம் எடுக்கப் போகும் முன், உங்கள் வீட்டுக் கான் எங்கே போய் முடிகிறது என்று ஒரு தரம் பின்னால் நடந்து போய்ப் பாருங்கள்.