புதுவண்டிக்கும் சோதனை வேண்டும்



மலாக்கா பட்டணத்து வேலைக்குப் போகும் பிள்ளைக்காக, மாதத் தவணையில் புது மோட்டார் சைக்கிள் வாங்குகிறோம். மாலை சாத்தி, எலுமிச்சம்பழம் நசுக்கி ஓட்டத் தொடங்கிவிடுகிறோம். தொழிற்சாலையிலிருந்து வந்ததாயிற்றே என்று இருந்துவிடக் கூடாது. எண்ணெய் குறைந்தால் இன்ஜின் சூடேறி இறுகிவிடும். தவணை மட்டும் நிற்காது.

ஹோண்டா கப் வகை வண்டிகளில் எண்ணெய் மூடியோடு அளவுகோலும் சேர்ந்திருக்கும். முதலில் அதைக் கழற்றிப் பாருங்கள். எண்ணெயே ஒட்டாவிட்டால் வண்டியை இயக்க வேண்டாம். ஒட்டினால், சமதரையில் நிமிர்த்தி நிறுத்தி, 3 நிமிடம் ஓடவிட்டு அணைத்து, மேலும் 3 நிமிடம் பொறுங்கள். கோலைத் துடைத்து, திருகாமல் நுழைத்து எடுங்கள். இரு கோடுகளுக்கிடையே எண்ணெய் தெரிய வேண்டும். குறைந்தால் கையேட்டில் சொன்ன எண்ணெயையே ஊற்றுங்கள். மேல்கோட்டைத் தாண்ட வேண்டாம்.

பிரேக் எண்ணெய் குறைந்திருந்தால் கசிவாக இருக்கலாம். அன்றே கடைக்குக் கொண்டுபோங்கள். அது உயிர் காரியம்.