நடந்தால் ஸ்டென்ட் நழுவாது

“ஸ்டென்ட் வைத்தவரை ஒரு மாதம் கட்டிலை விட்டு இறக்காதீர்கள்; நடந்தால் அது நகர்ந்துவிடும்” என்கிறார்கள். அக்கறையான பேச்சுதான்; ஆனால் தவறு.

ஸ்டென்ட் என்ற சிறு வலைக்குழாயை இதய ரத்தக்குழாய்க்குள் சும்மா செருகி வைப்பதில்லை. பலூனை அதிக அழுத்தத்தில் ஊதி, குழாயின் சுவரோடு சேர்த்துப் பதிக்கிறார்கள். வராந்தாவில் நாலு நடை நடப்பதால் அது இடம்பெயராது. அதை அடைக்கக்கூடியது ரத்தக்கட்டி. ஆஸ்பிரின், குளோபிடோக்ரல் போன்ற மாத்திரைகளை இஷ்டத்துக்கு நிறுத்துவதுதான் அதற்கு வழிவிடும். பயப்பட வேண்டியது அங்கே.

“அந்தக் காலத்தில் மாரடைப்பு வந்தவர்களை வாரக்கணக்கில் படுக்க வைத்தார்களே?” வைத்தார்கள்தான். பாஸ்டன் மருத்துவர்கள் சாமுவேல் லெவினும் பெர்னார்ட் லௌனும் மாரடைப்பு நோயாளிகளை நாற்காலியில் உட்காரவைத்து, 1952-லேயே அந்த வழக்கத்தைக் கேள்வி கேட்டார்கள். 1966-ல் டாலஸில் ஆரோக்கியமான 5 இளைஞர்களை 3 வாரம் படுக்க வைத்துப் பார்த்தார்கள். உடல் ஆக்சிஜனைப் பயன்படுத்தும் உச்சத் திறன் கால் பங்குக்கு மேல் சரிந்தது. இருபது வயதுக்கே இந்தக் கதி என்றால், அறுபது வயது நோயாளியின் நிலை என்ன?

ஸ்டென்டைத் தொடை வழியாக வைத்திருந்தால் சில மணி நேரம் காலை மடக்கக் கூடாது. மணிக்கட்டு வழி என்றால், சிக்கல் இல்லாதவர் அன்றே எழுந்து நடக்கலாம். பெரிய மாரடைப்பு, ரத்தக்கசிவு, நெஞ்சுவலி இருந்தால் மருத்துவர் சொல்லும் வேகமே சரி. பாரம் தூக்குவதைச் சில நாள் தள்ளிப்போடலாம்.

மருத்துவர் “நடக்கலாம்” என்ற பிறகும் கட்டிலில் கிடத்தி வைப்பது கவனிப்பு ஆகாது. அது நோயாளிக்குச் செய்யும் கெடுதல்.